பிரியாணிக்காக நின்ற பீம்

நம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்காகவும் இதை எழுதுகிறேன். சார்தான் கேட்டார். "ஓய்வு பெற்றவர் என்ற முறையில் நாலு பக்கம் எழுதிக் கொடும்மா" என்றார். ஓய்வு என்றதும் நரைத்த தலையையும் சந்தன மாலையையும் நினைத்துவிட வேண்டாம். எனக்கு வயது முப்பத்து மூன்று. இரண்டாவது குழந்தை பிறந்து நான்கு மாதம் ஆகிறது. பத்து வருடம் கட்டட வேலையில் இருந்துவிட்டு விலகினேன். விலகியது சரிதானா என்று காலையில் ஒரு முடிவும் மாலையில் வேறொரு முடிவும் எடுக்கிறேன். அவன் தொட்டிலில் தூங்கும் நேரத்தில் எழுதுவதால் சில வாக்கியங்கள் பாதியில் நின்று, மறுநாள் தொடர்ந்திருக்கும். அப்படி நின்று தொடர்வதன் ஆபத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையே.

நீங்கள் படித்த கல்லூரியில் உயரமான கட்டடங்கள் என்றால் வெளிநாட்டு நகரங்களின் படங்களைக் காட்டியிருப்பார்கள். கண்ணாடியும் மேகமுமாக இருக்கும். திண்டுக்கல்லில் அந்தச் சிக்கல் இல்லை. இங்கே ஊரிலேயே உயரமானது எது என்று யாரும் கேட்பதில்லை, ஊருக்கு நடுவில் மலை நிற்கிறது. அதைத் தாண்ட முடியாது என்பதால் போட்டியெல்லாம் இரண்டாவது இடத்துக்குத்தான். தொண்ணூறுகளின் கடைசியில் அந்த இரண்டாவது இடத்துக்கு பஸ் ஸ்டாண்டு அருகே இரண்டு கட்டடங்கள் எதிரெதிராக எழுந்தன. ஒன்று நாம் கட்டியது, ஒரு தோல் வியாபாரிக்காக. கீழே கடைகள், மேலே வாடகைக்கு விட அலுவலக அறைகள். அவரை எல்லோரும் பாய் என்றே அழைப்போம். மற்றொன்று சாலைக்கு அந்தப் புறம், வேறொரு என்ஜினியர் கட்டிய லாட்ஜ்.

மாடிகளை எண்ணுவதில் இரு தரப்புக்கும் தனித்தனி முறை இருந்தது. பாய் எண்ணும்போது கீழே ஸ்கூட்டர் நிறுத்துகிற இடமும் ஒரு மாடி. லாட்ஜ்காரர் எண்ணும்போது பெயர்ப்பலகையும் ஒரு மாடி. வீட்டு வரிக்கு அளக்க வந்தவர்களிடம் மட்டும் இருவருமே குறைத்து எண்ணினார்கள்.

நம் கட்டடம் ஐந்து மாடி. ஆனால் பாயின் கண் மொட்டை மாடியில் வரப்போகிற தண்ணீர்த் தொட்டி மேல் இருந்தது. முப்பதாயிரம் லிட்டர். அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி, ஜன்னல் மாதிரிக் கோடு போட்டு, ஆறாவது மாடியாகக் காட்டிவிடுவது என்று திட்டம். அந்தத் தொட்டியைத் தாங்குவதற்காக ஐந்தாவது மாடியின் கூரைத் தளத்தில் இரண்டு பெரிய பீம்கள். அந்த இரண்டில் ஒன்றுதான் என் கதை.

அப்போது என் மூத்த மகளுக்கு ஏழு மாதம். பிரசவ விடுப்பு முடிந்து நான் திரும்ப வேலைக்கு வந்தபோது சார் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "சைட்டுக்கு அனுப்புறேன். ஆனா பிள்ளைன்னு ஒரு நாளும் சாக்கு வரக் கூடாது. வந்துச்சுன்னா டேபிள்ல உக்காந்து பிளான் வரையுற வேலைதான்." நான் தலையாட்டினேன். ஊரில் பெண் பொறியாளர்களை சைட்டுக்கு அனுப்புவதே அரிதாக இருந்த காலம். பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் கேட்ட கேள்விக்கெல்லாம் தலையாட்டி வளர்ந்தவள் நான். தலையாட்டிய பிறகுதான் யோசிப்பேன்.

கான்கிரீட் போடும் நாளில் நம் ஊரில் ஒரு வழக்கம் உண்டு, நீங்களும் பார்ப்பீர்கள். கூரைத் தளத்துக்குக் கான்கிரீட் விழும் அன்று மத்தியானம் கட்டடத்துக்காரர் எல்லோருக்கும் பிரியாணி போட வேண்டும். கம்பி கட்டியவர், கலவை போடுபவர், சட்டி சுமப்பவர் என்று அறுபது பேர் இருந்தால் அறுபது பேருக்கும். நாளெல்லாம் நிற்காமல் ஓட வேண்டிய வேலை என்பதால் ஆட்கள் இரண்டு பந்தியாகப் பிரிந்து சாப்பிடுவார்கள். ஒரு பந்தி சாப்பிடும்போது மற்றது கான்கிரீட் கலக்கும் மிக்சரை ஓட்டும். அவ்வளவுதான் விதி. பாடப் புத்தகத்தில் இது இல்லை.

அன்று காலை ஏழு மணிக்குத் தொடங்கினோம். பன்னிரண்டரைக்கெல்லாம் எனக்கு மார்பில் பால் கட்டிக்கொண்டு வலி தாங்கவில்லை. வீட்டில் மாமியார் பிள்ளையை வைத்துக்கொண்டிருப்பார், அவள் புட்டிப்பாலைத் துப்பிக்கொண்டிருப்பாள். மொபெட்டில் போனால் பத்து நிமிடம். மேஸ்திரியிடம் சொன்னேன்.

"செத்த நேரத்துல வந்துருவேன். ரெண்டு பந்தியாச் சாப்பிடுங்க. மெஷின் நிக்கக் கூடாது."

"நீங்க போயிட்டு வாங்க இன்ஜினியரம்மா. நான் என்ன இன்னைக்கா கான்கிரீட் போடுறேன்?"

போவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். சிமெண்ட் மூட்டைகள் அடுக்கிய அறையில் வேலைப் பதிவேடு இருக்கும். சார் திடீரென்று வந்து பார்த்தால் நான் இல்லாதது தெரியக் கூடாது என்று அன்றைய வரியை முழுதாக எழுதிக் கையெழுத்தும் போட்டேன்: "காலை ஏழு முதல் மாலை ஐந்து வரை, இடைவிடாமல் கான்கிரீட் இடப்பட்டது." அப்போது மணி பன்னிரண்டே முக்கால். பாலிடெக்னிக்கில் சோதனைக்கூட நோட்டில் விடையை முதலில் எழுதிவிட்டு, அதற்கேற்ப அளவுகளைப் பின்னாலிருந்து போட்டுப் பழகிய கை. நல்ல மதிப்பெண் வாங்கிய கையும் அதுதான்.

வீட்டில் பிள்ளை பால் குடித்தபடியே தூங்கிப்போனாள். எடுத்தால் விழித்து அழுவாள். "கொஞ்சம் அசந்து தூங்கட்டும், அப்புறம் போ" என்றார் மாமியார். இருபது நிமிடத்தில் கிளம்ப வேண்டியவள் ஒன்றேகால் மணி நேரம் கழித்துத்தான் தளத்துக்குத் திரும்பினேன். மிக்சர் ஓடிக்கொண்டிருந்தது. சட்டிகள் கை மாறிக்கொண்டிருந்தன. எனக்கென்று ஒரு பொட்டலம் பிரியாணி தனியாக எடுத்து வைத்திருந்தார்கள். பெரிய கறித் துண்டாகப் பார்த்து வைத்திருந்தார் மேஸ்திரி. அந்த மரியாதை ஏன் என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். பசியில் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

மூன்றாம் நாள் பீமின் பக்கப் பலகைகளைக் கழற்றினார்கள். தொட்டி பீம் ஒன்றில், தூணிலிருந்து ஒரு முழம் தள்ளி, மேலிருந்து கீழே சாய்வாக ஒரு கோடு. இந்தப் பக்கம் ஒரு நிறம், அந்தப் பக்கம் ஒரு நிறம். தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருந்தோம். அந்தத் தண்ணீர் கோட்டின் வழியாகக் கசிந்து, கோடு முழுக்க ஈரமாக மினுங்கியது.

தளத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிற பாக்கியம் அக்கா பக்கத்தில் குடத்தோடு நின்றிருந்தார். நான் கேட்காமலே சொன்னார்.

"நீங்க வீட்டுக்குப் போன நேரந்தாம்மா. அம்புட்டுப் பேரும் ஒண்ணா உக்காந்துட்டாங்க. பீம் பாதியில கெடக்கு, நிப்பாட்டுறியேன்னு நான் மேஸ்திரிகிட்டக் கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"'நீ எப்ப இன்ஜினியரான'ன்னு கேட்டாரு. நானும் போயி உக்காந்துட்டேன்."

சித்திரை வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றால் கான்கிரீட் இறுகத் தொடங்கிவிடும். அதன் மேல் சிமெண்ட் பாலை ஊற்றித் தொடர்ந்திருக்கிறார்கள். பார்க்க ஒரே பீம், உண்மையில் இரண்டு துண்டு. வேறு இடத்தில் நின்றிருந்தால்கூட ஏதாவது செய்து சமாளித்திருக்கலாம். தூணுக்குப் பக்கத்தில்தான் பாரம் முழுவதும் கத்தரிக்கோல் மாதிரி வெட்டும். கரும்பலகையில் வரைந்து காட்டினால் ஒரு குழந்தைக்கும் புரியும் விஷயம் அது.

இந்த இடத்தில் நான் ஓடிப்போய் உண்மையைச் சொன்னேன் என்று எழுதத்தான் ஆசை. நான் வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டேன். வெள்ளி, சனி, ஞாயிறு. திண்டுக்கல்லில் நகராட்சித் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். இந்த ஊரில் முப்பதாயிரம் லிட்டர் தொட்டி என்றைக்கு நிறையப் போகிறது? பாதித் தொட்டிதான் எப்போதும் இருக்கும். பாதித் தொட்டி என்றால் பாதிப் பாரம். கம்பி இருக்கிறது, பீம் தாங்கும். ஊருக்குத் தண்ணீர் வராததையே ஒரு முட்டுக்கம்பமாக வைத்து அந்தப் பீமை மூன்று நாள் நிறுத்திவைத்தேன். ஞாயிறு பூசையில் மண்டியிட்டபோதும் நான் செபிக்கவில்லை, பெருக்கிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பதிவேடுதான் குறுக்கே நின்றது. பீமைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் நான் அங்கே இல்லை என்று சொல்ல வேண்டும். இல்லை என்றால் அந்தக் கையெழுத்து பொய். எங்கே போனேன் என்றால், பிள்ளை. அதோடு என் சைட் வேலை முடிந்தது.

திங்கட்கிழமை காலை தொட்டிக்குக் கம்பி கட்டும் ஆட்கள் வரவிருந்தார்கள். போகிற வழியில் ஒரு ஓட்டல் வாசலில் தண்ணீர் லாரி நின்றிருந்தது. குழாயை மேலே ஏற்றி மாடித் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். நிறைந்து வழிந்து சுவரெல்லாம் ஓடியது. மொபெட்டை நிறுத்திப் பார்த்தேன். பாய் வசதியானவர். ஊருக்குத் தண்ணீர் வராவிட்டால் லாரியில் வாங்கி ஊற்றுவார். என் மூன்று நாள் கணக்கு அந்தச் சுவரோடு வழிந்து போனது.

நேராக அலுவலகத்துக்குப் போய் சாரின் மேசை முன் நின்றேன்.

"சார், தொட்டி பீம்ல ஜாயிண்ட் விழுந்திருக்கு. தூணுக்குப் பக்கத்துல."

"நீதானம்மா அன்னைக்கு அங்க நின்ன?"

"நிக்கல சார்."

"இடைவிடாமல்னு எழுதிருக்க?"

"மத்தியானமே எழுதுனது சார். சாயங்காலம் வரைக்கும் சேத்து எழுதிட்டேன். பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போனேன். ஒண்ணேகால் மணி நேரம்."

அவர் பேனாவை மூடி வைத்தார். திட்டுவார் என்று நின்றேன். "இதை நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றார், சலிப்பாக. "பூசிட்டா யாருக்கும் தெரியாது. இப்ப எனக்கும் தெரிஞ்சு போச்சு. இனி எப்படி நான் பூச்சுக்கு ஆள் அனுப்புறது?" எழுந்து சட்டையைச் சரிசெய்தார். "பாய்கிட்ட நீ சொல்லு. நானும் வாரேன், ஆனா நீதான் சொல்லணும்."

பாய் மொட்டை மாடியில்தான் இருந்தார். எதிரே லாட்ஜில் இன்னொரு மாடிக்குக் கம்பி கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் கீழே அழைத்துப்போய் பீமைக் காட்டிச் சொன்னேன். மேஸ்திரியும் வந்து நின்றார். பாய் கேட்டுக்கொண்டே இருந்தார். ஆனால் அவர் காதில் ஒரே ஒரு விஷயம்தான் விழுந்தது.

"எம் பிரியாணி பீமைக் கெடுத்துருச்சுங்கிறீங்க."

"பிரியாணி இல்ல பாய். வேலைய நிறுத்துனது."

"நிறுத்தாம எப்படிம்மா சாப்பிடுறது? சட்டியத் தலையில வச்சுக்கிட்டேவா?"

மேஸ்திரி தரையைப் பார்த்தபடி பேசினார். "நான் ரெண்டு பந்தியாத்தான் சொன்னேன் பாய். நீங்கதான் ரெண்டாம் பந்திக்கு ஆறிப்போன சோத்தப் போட்டா எனக்குத்தான் கேவலம், எல்லாரும் ஒண்ணா உக்காருங்கப்புன்னு சொன்னீங்க. நீங்களே கரண்டிய வாங்கிப் பரிமாறுனீங்க."

"நான் சோறு போடுறவன்யா. கான்கிரீட்டு இறுகிரும்னு நீதான சொல்லணும்?"

"உங்க முகத்தப் பாத்துட்டு எப்படி பாய் சொல்றது? அம்புட்டு ஆசையா ஊட்டாத குறையாப் போட்டீங்க."

சார் தொண்டையைச் செருமிக்கொண்டு வெளியே பார்த்தார். யார் மேல் தவறு என்று தேடினால், அன்று எல்லோருமே நல்லவர்களாக இருந்தோம். பாய் விருந்தோம்பினார். மேஸ்திரி மரியாதை காட்டினார். நான் பிள்ளையைத் தூங்கவிட்டேன். மூன்று பேரின் நல்ல குணத்துக்கு நடுவில் பீம் மட்டும் கெட்டுப்போனது.

பாய் பீமின் அருகே போய் ஈரக் கோட்டை விரலால் தடவினார். வழக்கமாகத் தோலை முகர்வது போல விரலை மூக்கருகே கொண்டுபோய், தன் செய்கையைத் தானே உணர்ந்து இறக்கினார்.

"தோலுரிக்கையில கத்தி பட்டிருக்கும்" என்றார், எங்களிடம் இல்லை, பீமிடம் சொல்வது போல. "மேல சாயத்தப் போட்டு மினுக்கி வித்துரலாம். எவனுக்கும் தெரியாது. செருப்புத் தைக்க இழுப்பான் பாருங்க, அப்ப கரெக்டா அங்கதான் கிழியும்." எங்கள் பக்கம் திரும்பினார். "இடிச்சா எத்தன நாளு?"

"இடிச்சுத் திரும்பப் போடணும் பாய். போட்ட பெறகு இருபத்தெட்டு நாளு முட்டு எடுக்கக் கூடாது. அதுவரைக்கும் தொட்டி வேலை ஆகாது."

"அதுக்குள்ள எதிர்ல இருக்கவன் ரெண்டு மாடி ஏத்திருவான்."

"ஏத்திருவாரு பாய்."

அவர் சாரைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

சார் என்னைப் பார்க்கவில்லை. "அந்தம்மா சொல்றதுதான்" என்றார். என் பத்து வருட வேலையில் எனக்குக் கிடைத்த சான்றிதழ் இது ஒன்றுதான்.

"கீழ கட வைக்கப் போறது எந் தங்கச்சி மகன்" என்றார் பாய். "இடிங்க."

உளியும் சுத்தியலுமாக நான்கு நாள் உடைத்தார்கள். ஊரே ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் நாங்கள் மட்டும் இறங்கினோம். லாட்ஜின் உச்சியிலிருந்து ஆட்கள் கூப்பிடுவார்கள். "என்ன மேஸ்திரி, வாங்குன காசத் திருப்பிக் கொடுக்குறீங்களா?" நம் மேஸ்திரி குனிந்து சுத்தியலை ஓங்குவார். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. மறுபடி கான்கிரீட் போட்ட அன்று நான் பீம் அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பிள்ளையை மாமியார் ஆட்டோவில் கொண்டுவந்தார். சிமெண்ட் அறையில், மூட்டைகளுக்கு நடுவே, பத்து நிமிடத்தில் பால் கொடுத்து அனுப்பினேன். இவ்வளவு எளிதான காரியத்தை முதல் முறையே ஏன் செய்யவில்லை என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. யாரும் தடுக்கவில்லை, நான்தான் யாரையும் கேட்கவில்லை.

பதிவேட்டில் "இடைவிடாமல்" என்ற சொல்லின் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் நடந்ததை எழுதினேன். நின்ற நேரம், நின்ற இடம், நான் இல்லாதது, இடித்தது எல்லாம். கீழே சாரும் கையெழுத்துப் போட்டார். பிறகு சொன்னபடியே என்னை ஒரு வருடம் மேசையில் உட்காரவைத்துப் பிளான் வரையச் சொன்னார். அவர் சொல் தவறாதவர். கூடவே அலுவலகத்தில் ஒரு விதியும் வந்தது: பிரியாணி இனி வேலை முடிந்த பிறகு, மாலையில்தான். ஊரில் கொத்து வேலை பார்ப்பவர்களிடம் என் பெயரைக் கேட்டுப் பாருங்கள், தெரியாது என்பார்கள். "மத்தியானப் பிரியாணிய நிப்பாட்டுன அம்மா" என்று கேளுங்கள், வழி காட்டுவார்கள்.

எதிர்பார்த்தபடி லாட்ஜ் இரண்டு மாடி ஏறி இரண்டாவது இடத்தைப் பிடித்தது. பாய் ஒரு மாதிரி ஆறுதல் அடைந்தார். "மூணாவதுன்னாலும் மலையையும் சேத்துத்தான" என்பார்.

சில வருடம் கழித்து செல்போன் கோபுரங்கள் வந்தன. கம்பெனி என்ஜினியர் ஒருவர், உங்கள் வயதுப் பையன், எந்த மொட்டை மாடியில் கோபுரம் நிறுத்தலாம் என்று பார்க்க வந்தார். இரண்டு கட்டடங்களின் பதிவேடுகளையும் வாங்கி நம் அலுவலகத்தில் வைத்துப் புரட்டினார். பாய்க்கு மாத வாடகை கிடைக்கும் என்று எனக்கும் ஆசைதான்.

"மேடம், இதுல பீம் இடிச்சதா எழுதிருக்கு."

"ஆமா. இடிச்சுத் திரும்பப் போட்டோம்."

"அப்ப இது ரிஸ்க்கு மேடம்." லாட்ஜின் பதிவேட்டைத் தட்டிக்காட்டினார். "இது எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க."

பார்த்தேன். ஏழு மாடிக்கும் ஒரே பேனா, ஒரே மை, ஒரே சாய்வு. ஒவ்வொரு தளத்துக்கும் "இடைவிடாமல்". மழை பெய்த நாள் இல்லை, மெஷின் நின்ற நாள் இல்லை. எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது, ஆனால் அந்தக் கையை எனக்குத் தெரியும். நல்ல மதிப்பெண் வாங்கிய கை.

"நோட்ட நம்பாதீங்க தம்பி. கட்டடத்தத் தட்டிப் பாருங்க" என்றேன். அவர் சிரித்தார். போட்டியாளர் வேறு என்ன சொல்வார் என்று நினைத்திருப்பார். அவர் நினைத்ததிலும் நியாயம் இருந்தது. என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை, இன்றும் இல்லை. அந்த லாட்ஜ் ஒருவேளை நம்முடையதைவிட உறுதியாகவே இருக்கலாம். கோபுரம் அதன் மேல்தான் ஏறியது. இப்போது ஒட்டன்சத்திரம் சாலையில் வரும்போதே தெரிகிறது.

இதிலிருந்து என்ன பாடம் என்று சார் கடைசியில் எழுதச் சொன்னார். உண்மையை எழுதினால் நன்மை கிடைக்கும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. கிடைத்தது மேசை வேலை, போனது கோபுரம். ஒன்று மட்டும் சொல்வேன்: மணியைப் பார்த்து எழுதுங்கள். ஐந்து மணிக்கு நடந்ததை ஐந்து மணிக்குப் பிறகு எழுதுங்கள்.

போன மாதம் மூத்தவளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். அவளுக்கு இப்போது எட்டு வயது. பஸ் ஸ்டாண்டு அருகே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. லாட்ஜின் கீழே அகலமான தாழ்வாரமும் ஒரு ஐஸ்கிரீம் கடையும் உண்டு. எல்லோரும் அங்கே ஓடினார்கள், அவளும் இழுத்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மழையிலேயே சாலையைக் கடந்து பாயின் கட்டடத்துக்கு வந்தேன். இருவரும் தொப்பலாக நனைந்திருந்தோம்.

"அங்கதானம்மா எல்லாரும் நிக்கிறாங்க" என்றாள்.

"இங்க நில்லு. இது அம்மா வேலை பாத்த கட்டடம்."

"நீ கட்டுனியா?"

"இல்ல. நான் இடிச்சேன்."

அவள் தலையை நிமிர்த்தி மேலே தொட்டி வரை பார்த்தாள். "இடிச்சா அப்புறம் எப்படிம்மா நிக்குது?"

அவள் தலையில் வழிந்த நீரைத் துடைத்தேன். ஆனால் என் பார்வை சாலைக்கு அந்தப் புறமே போனது. மழை விடும் வரை, எதிரே தாழ்வாரத்தில் ஐஸ்கிரீம் தின்றபடி நின்றவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.